24 நாள் ஆகியும் தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை: மதுரையில் யாரிடம் காட்டலாம்?

தங்கைக்கு சிசேரியன் ஆகி இன்று 24-வது நாள். தையல் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. குழந்தை 2.8 கிலோவில் இருந்து 3.4 ஆகிவிட்டான், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் போகிறான். ஆனாலும் "எனக்குப் பால் பத்தலைக்கா" என்று தினமும் அழுகிறாள்.

முதல் வாரத்து அழுகை இரண்டு வாரத்தில் அடங்கும் என்று காத்திருந்தோம், அடங்கவில்லை. இரவில் பாலைப் பீய்ச்சி வைத்து அம்மா பாலாடையில் கொடுக்கிறார், அவள் நாலு மணி நேரம் தூங்கட்டும் என்று. அவளோ கண்ணை மூடாமல் படுத்திருக்கிறாள். தொட்டில் பக்கம் எழுந்து போய், மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தார்கள், அதை நிறுத்தியாயிற்று. ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து மாத்திரை போகிறது. தைராய்டு சரி. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ கேள்வித்தாளில் 30-க்கு 15. தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்குப் பூஜ்ஜியம்தான்; நேரிலும் கேட்டுவிட்டேன். பிரசவம் பார்த்த டாக்டர் "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். அரசின் மனநல உதவி எண் 14416-இல் பேசினோம், மனநல மருத்துவரை நேரில் பார்க்கச் சொன்னார்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாமலே மருந்து தரக்கூடிய, குழந்தையோடு போனாலும் பொறுமையாகப் பார்க்கும் மனநல மருத்துவர், இந்த வாரத்துக்குள் பார்க்கிற மாதிரி, மதுரையில் யார்?