சொந்த வளவுக்குள் கட்சிப் பலகை வைப்பதற்கும் தடை உண்டா?

எழுவான்கரையான் (கேள்வி):

வணக்கம். 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு இரு வாரங்கள் முன்னர் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் பட்டிருப்புத் தொகுதியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில் எங்கள் வளவு இருக்கிறது. என் மாமா தாம் ஆதரித்த வேட்பாளரின் படமும் விருப்பிலக்கமும் (விருப்பு வாக்குக்கான எண்) ஒட்டிய மூன்றடிப் பலகையொன்றை, வேலிக்கு உட்புறம் நிற்கும் மாமரத்தில் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தார். பொலிஸார் படலையைத் திறந்து வந்து, குறட்டால் கம்பியை வெட்டி, பலகையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே வேளையில் பிரதான வீதியில் இன்னொரு கட்சியின் காரியாலயத்துக்கு முன்னால் ஆளுயரக் கட்அவுட் தேர்தல் முடியும்வரை நின்றது. அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை பேச்சுச் சுதந்திரம் தருகிறது என்று படித்திருக்கிறோமே. அது நம்முடைய முற்றத்துக்குள் செல்லாதா?

கல்லடி வாசி:

ஐயா, வைத்தது பலகையா, பதாகையா என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 74ஆம் பிரிவு, வேட்புமனுக் காலத்தின் முதல் நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை, பிரசார நோக்கில் எவற்றைக் காட்சிப்படுத்தக் கூடாது என்று கூறுகிறது. கொடியையும் பதாகையையும் அது பொது இடம், தனியார் இடம் என்று பாராமல் தடுக்கிறது. வேட்பாளர் பயணம் செய்யும் வாகனத்துக்கு மட்டுமே விலக்கு. சுவரொட்டி, அறிவித்தல், வேட்பாளரின் படம், சின்னம் ஆகியவற்றுக்கான தடையோ பொதுமக்கள் சென்றுவர உரிமையுள்ள அல்லது அனுமதிக்கப்படுகின்ற இடங்களையும் பொது வீதியையும் பற்றியது. ஆகவே வேலிக்கு உள்ளே நின்ற பலகை இந்தத் தடைக்குள் வருகிறதா என்று வாதிட இடமுண்டு. துணியில் அச்சடித்த பதாகையாக இருந்திருந்தால் அந்த வாதமும் எடுபடாது.

14(1)(அ) உறுப்புரையைக் காட்டி இந்தப் பிரிவையே நீக்குமாறு கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு வழியில்லை. பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தின் செல்லுபடியைப் பின்னர் எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது என்று 80(3) உறுப்புரை கதவை மூடிவிட்டது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமல்லாத அவசரகால ஒழுங்குவிதிகளின் நிலை வேறு. பொலிஸ் மா அதிபரின் முன் அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டவோ துண்டுப்பிரசுரம் வழங்கவோ கூடாது என்றிருந்த ஓர் ஒழுங்குவிதியை, அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் முழுக்க ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்ததால், உயர் நீதிமன்றம் 1987இல் ஜோசப் பெரேரா வழக்கில் செல்லாது என்றது. அரசாங்கத்துக்கு எதிராக மேளம் அடித்து எதிர்ப்புக் காட்டுவதும் கருத்து வெளிப்பாடுதான் என்று 1993இல் ஜனகோஷா வழக்கில் தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான்.

உங்கள் விடயத்தில் வலுவானது அந்தக் கட்அவுட்தான். ஒருவருடையதை அகற்றி மற்றவருடையதை விட்டுவைத்தது 12ஆவது உறுப்புரையின்கீழ் சமத்துவம் பற்றிய கேள்வி. காரியாலயங்களுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு சில சலுகைகள் கொடுப்பதுண்டு. ஆனாலும் ஆளுயரக் கட்அவுட் அதற்குள் அடங்குமா என்று கேட்கலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் அந்தக் காலம் கடந்துவிட்டது.

ஸ்காபரோ பேரன்:

எங்கள் ஊர்க்காரர் பலர் குடியேறிய ரொறன்ரோவில் தேர்தல் வந்தால் புல்தரை முழுவதும் பலகைகள்தான். மாநகர விதி நாளையும் இடத்தையும் பற்றியது; தேர்தல் முடிந்து 72 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்ற வேண்டும். வாடகைக்கு இருப்பவர் தம் இருப்பிடத்தில் பலகை வைப்பதை வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது என்று கனடாவின் தேர்தல் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் லடூ என்ற சிறு நகரம், வளைகுடாப் போரை எதிர்த்துத் தம் வீட்டில் பலகை வைத்த மார்கரெட் கில்லியோ என்ற பெண்ணைத் தடுத்தபோது, 1994இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்த வீட்டிலிருந்து பேசுவது மலிவானது, அதற்கு ஈடான வேறு வழி சாதாரண மனிதருக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதை ஏன் நாமும் கேட்கக் கூடாது?

தம்பிலுவில் ஆசிரியர்:

தம்பி, கேட்கலாம், ஆனால் இங்குள்ள நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் அடுத்தடுத்து வருகின்றன. பலகை கட்ட வரும் இளைஞர்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது பெரும்பாலும் பெயருக்குத்தான். வேண்டாம் என்றால் யாருக்கு வாக்களிக்கப் போகிறார் என்று தெரிந்துவிடும். சரி என்றால் மறு தரப்பு குறித்துக்கொள்ளும். அரச நிவாரணப் பட்டியல், இடமாற்றம், வீதி விளக்கு என்று எதற்கும் அலுவலகப் படியேற வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல. சட்டத்தின் சொற்கள் கரடுமுரடாக இருக்கலாம். எனினும் வாக்கை இரகசியமாக வைத்திருக்க நினைக்கும் ஏழைக் குடும்பத்துக்கு இந்தத் தடை ஒரு மறைப்பு என்றே நான் கருதுகிறேன்.

ஸ்காபரோ பேரன்:

ஐயா சொல்லும் அச்சம் உண்மையானது. ஆயினும் தடையின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பணமுள்ள வேட்பாளர் முகநூலிலும் பத்திரிகையின் முழுப் பக்கத்திலும் தம் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். சொந்த மரத்தில் சொந்தச் செலவில் பலகை கட்டியவரிடமிருந்துதான் பறிக்கிறார்கள். கட்டாயப்படுத்திக் கட்டுவோரைத் தண்டிக்க ஒரு பிரிவு எழுதலாமே; விரும்பிக் கட்டியவரை ஏன் அதே கூடையில் போட வேண்டும்?

தம்பிலுவில் ஆசிரியர்:

விரும்பிக் கட்டியவர் யார், வற்புறுத்தலால் கட்டியவர் யார் என்று எந்தப் பொலிஸ் உத்தியோகத்தர் கண்டுபிடிப்பார்? வற்புறுத்தப்பட்டவர் பொலிஸுக்குப் போய்ச் சொல்லவே மாட்டார். முகநூல் செலவைப் பற்றிச் சொன்னது சரி. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் காட்டச் சொல்கிறது. அதைக் கறாராகப் பார்த்தால் உங்கள் வாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கல்லடி வாசி:

எழுவான்கரையான் ஐயாவுக்கு ஒரு சொல். உள்ளூராட்சித் தேர்தல் கட்டளைச் சட்டத்திலும் இதையொத்த தடை இருப்பதால், அடுத்த தேர்தலில் வேட்புமனுக் காலம் தொடங்கும் முன்னரே மாமாவிடம் சொல்லிவையுங்கள். கட்அவுட் போன்றதைக் கண்டால் வீதியும் திகதியும் தெரியும்படி படமெடுத்து, மாவட்டச் செயலகத்தில் இயங்கும் தேர்தல் முறைப்பாட்டு நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பலகையைக் கொண்டுபோனபோது மாமாவிடம் ஏதாவது துண்டு எழுதிக் கொடுத்தார்களா?