புதுப்பிப்பு: பிக்கப்பில் அணையாத ஏர்பேக் விளக்கு

எங்கள் தேங்காய் பிக்கப்பில் ஏர்பேக் விளக்கு அணைவதில்லை, ஓட்டுநர் பெல்ட் இழுத்தால் திரும்பிப் போவதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

முதலில் காட்டிய பட்டறையில், "பல்பைக் கழட்டி உட்டறலாமுங்க, தொந்தரவே இருக்காது" என்றார்கள். விளக்கு அணையும், ஆனால் கோளாறு அப்படியே இருக்கும், மோதினால் பை விரியாது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொடும் முன்பே, "ஹாரன் அடிக்குதுங்களா?" என்றார். இரண்டு வாரமாக விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது! ஸ்டியரிங்குக்குள் கடிகார ஸ்பிரிங் போலச் சுருட்டிய ரிப்பன் வயர் ஒன்று உண்டு. ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் இணைப்பு அது வழியாகத்தான். மடிப்பில் தலைமுடி அளவு விரிசல். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டீ குடித்து வந்த பிறகே அவர் கை வைத்தார். மிச்சக் கரண்டில் பை விரிந்தால் முகம் போய்விடும்.

பெல்ட் சுருளுக்குள் தேங்காய் நார்த்தூசி. உள்ளே, மோதும்போது பெல்ட்டை இறுக்க வெடிமருந்து வைத்த இறுக்கி இருப்பதால் அதைப் பிரிக்கவில்லை, புதிதாகவே மாற்றினோம்.

அப்புறம், தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வந்த கோளாறா இது என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லைங்க. அதில் பையை விரிக்க வைத்த அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, பை விரியும்போது உலோகக் கூடு சிதறும். அமெரிக்காவில் பிக்கப் ஓட்டியவர்களும் செத்திருக்கிறார்கள். நிறுவனம் 2017இல் திவாலானது. எங்களுடையது விரியாத கேஸ்.

அப்பா மட்டும் புது பெல்ட்டையும் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.