வாரன்ட் இல்லாம போலீஸ் வீட்டுக்குள்ள வந்துட்டாங்க, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

பாலக்கோட்டான்: அண்ணா, அக்கா, புள்ள பழைய போனை வெச்சு விளையாடி போலீஸுக்குக் கால் போயிடுச்சு. பயந்து கட் பண்ணிட்டோம். ரெண்டு பேர் வந்து ரூம் ரூமா பாத்தாங்க, கரண்டி டிராயரைக்கூட இழுத்துப் பாத்தாங்க. விசா போயிடுமா?

ஊத்தங்கரை அக்கா: வாரன்ட் இல்லேன்னா கதவையே திறக்கக் கூடாது தம்பி.

அரூர் லண்டன்: தப்புங்க. உயிருக்கோ உடம்புக்கோ கடும் ஆபத்துன்னா இங்கிலாந்துல கதவை உடைச்சே வரலாம், 1984 பேஸ் சட்டம் (போலீஸ் அதிகாரச் சட்டம்) 17ஆம் பிரிவு.

ஓசூர் டொரண்டோ: கனடாவுல 911ங்கற அவசர நம்பருக்குப் போன கால் பாதியில கட் ஆனாலே வரலாம், அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டோட 1999 கொடோய் தீர்ப்பு. ஆள் நல்லா இருக்காங்களான்னு பாக்கத்தான். மத்ததைத் துழாவ அனுமதி இல்ல.

காவேரிப்பட்டணம்: மிளகாய் தாளிச்சா ஸ்மோக் அலாரம், புள்ள அழுதா போலீஸ். என்ன ஊருடா இது.

அரூர் லண்டன்: நம்மூர்ல மட்டும்? பிஎன்எஸ்எஸ் (இந்தியாவோட குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 185ஆம் பிரிவுப்படி காரணம் எழுதி வெச்சு, வீடியோ எடுத்து, வாரன்ட் இல்லாம சோதிக்கலாம்.

பென்னாகரம் வக்கீல்: அட இருங்கப்பா. தம்பி, எந்த நாடு? கதவைத் திறந்தது யாரு?

பாலக்கோட்டான்: சாரிண்ணா, அமெரிக்கா, நியூஜெர்சி. திறந்தது என் பொண்டாட்டி. "வாங்க சார்"னு சொல்லி வழிவிட்டா.

பென்னாகரம் வக்கீல்: அதைச் சம்மதம்னே எடுத்துக்குவாங்க. சம்மதம் இல்லேன்னா, உள்ள யாரோ பலமா அடிபட்டிருக்காங்க, இல்ல அடிபடப் போறாங்கன்னு நம்ப நியாயமான காரணம் வேணும் (2006, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட பிரிகாம் சிட்டி தீர்ப்பு). கட்டிலுக்கடி, அலமாரி, பாத்ரூம் பாக்கலாம், ஆள் கிடக்கலாம். கரண்டி டிராயர்ல எந்த ஆள் இருப்பான்? ஆளைத் தேட விட்ட சம்மதமும் அதுவரைக்கும் நீளாது. ஆனா மேசைமேல சட்டவிரோதமா ஏதாவது கண்ணுல பட்டா எடுக்கலாம்.

விசா ஃபார்ம்ல கேக்கறது கைது, தண்டனை. உங்களைக் கைது பண்ணல, பயப்படாதீங்க. தேதி, நேரம், எந்தெந்த ரூம், பேட்ஜ் நம்பர் இன்னைக்கே எழுதி வைங்க. பாடிகேம் (போலீஸ் சட்டையில மாட்டியிருக்கற கேமரா) வீடியோவை 180 நாள்தான் கட்டாயம் வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள ஓப்ரா மனு (நியூஜெர்சியில அரசு ஆவணம் கேக்கற மனு) போடுங்க.

இனிமே கால் தவறிப் போனா கட் பண்ணாம "தெரியாம அழுத்திட்டோம்"னு சொல்லுங்க. போலீஸ் வந்துட்டா வீட்ல இருக்கற எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. "ஐ டூ நாட் கன்சென்ட் டு எ சர்ச்" (சோதனைக்கு எனக்குச் சம்மதம் இல்ல)னு சொல்லுங்க, அவ்ளோதான். மீறி வந்தா கை வெச்சுத் தடுக்காதீங்க.

ஓசூர் டொரண்டோ: அந்தப் போன்ல சிம் இருந்துச்சா?

பாலக்கோட்டான்: இல்லைங்க.

ஓசூர் டொரண்டோ: சிம் இல்லாட்டியும் 911 போகும். ஆனா அவங்க திருப்பிக் கூப்பிட்டுக் கேக்க முடியாது, அதான் நேர்லயே வந்துட்டாங்க. சார்ஜை முழுசா இறக்கிட்டுப் புள்ளகிட்ட குடுங்க.