பெஞ்சமின் கான்ஸ்டன்ட்: மார்ச்சில் நெப்போலியனைத் திட்டியவர் ஏப்ரலில் அவருக்கே சட்டம் எழுதியது ஏன்?

குறிப்பேடு எழுதியது:

வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் கான்ஸ்டன்ட் 1819-ல் பாரிஸில் ஆற்றிய உரை இந்தப் பருவத்தில் பாடமாக இருக்கிறது. பழங்காலத்தவரின் சுதந்திரம் வேறு, நம் காலத்தவரின் சுதந்திரம் வேறு என்று பேசுகிறாரே, அதுதான். படித்ததும் மிகவும் பிடித்துவிட்டது. சரி, ஆள் யார் என்று பார்ப்போம் என வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினால் ஒரே குழப்பம்.

1815 மார்ச் 19 அன்று ஒரு பாரிஸ் நாளிதழில் நெப்போலியனை அட்டிலாவோடும் செங்கிஸ்கானோடும் சேர்த்து எழுதுகிறார். ஓர் அதிகாரத்தின் காலடியிலிருந்து இன்னோர் அதிகாரத்தின் காலடிக்கு ஊர்ந்துபோகிற ஆள் நானில்லை என்றும் அடித்துச் சொல்கிறார். மறுநாள் மாலை, எல்பா தீவிலிருந்து தப்பிவந்த நெப்போலியன் பாரிஸுக்குள் வந்துவிட்டார். ஏப்ரல் 14-ல் இவர் அவரைப் போய்ச் சந்திக்கிறார். 22-ஆம் தேதி, இவர் வரைந்து கொடுத்த அரசியலமைப்புச் சட்டமே வெளிவருகிறது! ஒரு மாதம்கூட நிற்காத வாக்கு. இதற்கு அவருடைய சிந்தனையில் ஏதாவது விளக்கம் உண்டா? இல்லை, பதவிக்காகத் தாவியதுதானா?

இரவுவாசகி எழுதியது:

தம்பி, கான்ஸ்டன்டைப் பதினைந்து வருடமாக வாசிக்கிறேன். நானும் இதே இடத்தில்தான் முதலில் இடறினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சொந்த வாழ்க்கையில் எதையும் முடிவுசெய்ய முடியாத மனிதர் அவர். பிறந்தது 1767-ல், சுவிட்சர்லாந்தின் லொசானில். பிறந்த இரண்டு வாரத்தில் தாய் இறந்துவிட்டார். தந்தை டச்சு ராணுவ சேவையில் இருந்த அதிகாரி. பிள்ளை ஒவ்வோர் ஆசிரியர் கையிலாக மாறி மாறி வளர்ந்தது. முதல் ஆசிரியர் அடிப்பார், அடித்துவிட்டுக் கொஞ்சுவார். ஆனால் அவர்தான் ஐந்து வயதுப் பையனிடம், "நாம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு மொழியை உருவாக்குவோமா?" என்று கேட்டாராம். எழுத்து, சொற்கள், இலக்கணம் என்று இருவருமாகக் கட்டிய அந்த ரகசிய மொழி கடைசியில் பார்த்தால் கிரேக்கம்! கான்ஸ்டன்ட் தன் இளமைக்கால நினைவுகளில் இதைச் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பையன்மேல் பாசம் வந்துவிடும்.

1794-ல் எழுத்தாளர் மதாம் த ஸ்தாலைச் சந்திக்கிறார். அவரோடு வாழவும் முடியவில்லை, பிரியவும் முடியவில்லை. அந்த வருடங்களின் நாட்குறிப்பில் தன் மனநிலைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார். 1 என்றால் உடல் இன்பம். 2 என்றால் அந்த முடிவில்லாத பந்தத்தை அறுத்துவிடும் ஆசை. 3, ஏதோ ஒரு நினைவு வந்து மறுபடி அதே பந்தத்துக்குத் திரும்புவது. 4, எழுத்து வேலை. 13, எல்லாவற்றிலும் தடுமாற்றம். 1808-ல் ஷார்லட் என்ற பெண்ணை ரகசியமாகத் திருமணம் செய்த பிறகும், அதை ஸ்தாலிடம் சொல்ல அடுத்த வருடம் வரை ஆகிவிட்டது.

ஆனால் 4 என்று குறித்த நேரத்தில் அவர் எழுதியதை எடுத்துப் பார். அதில் அசைவே கிடையாது. 1800 ஜனவரியில், அரசு சட்டங்களை அவசர அவசரமாக நிறைவேற்றப் பார்ப்பதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் பேசினார். நெப்போலியன் அவரை 1802-ல் அங்கிருந்து வெளியேற்றிவிட்டார். 1806-ல், எந்தப் பதவிக்கும் வழியில்லாத காலத்தில், தன் அரசியல் கோட்பாடு முழுவதையும் கையெழுத்துப் பிரதியாக எழுதி வைத்தார். 1815-ல் அச்சான அவருடைய 'அரசியல் கோட்பாடுகள்' நூலின் வேர் அதுதான்.

அதன் மையக் கருத்து இது: அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற 'பயங்கர ஆட்சி'யைப் பார்த்த தலைமுறை அல்லவா? மன்னனிடமிருந்த எல்லையற்ற அதிகாரத்தைப் பிடுங்கி மக்கள் பெயரில் வைத்தபோது, தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரம் நிற்கவில்லை. மனிதரின் கை தாங்க முடியாத பாரங்கள் உண்டு என்கிறார். தண்டிக்க வேண்டியது ஆயுதத்தை, அதைப் பிடித்த கையை அல்ல என்கிறார்.

இப்போது ஏப்ரலுக்கு வா. அவர் எழுதிய சட்டத்தின் 64-ஆவது பிரிவு, முன்தணிக்கை இல்லாமல் கருத்தை அச்சிடும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. அச்சிட்டதில் குற்றம் இருந்தால் ஜூரி முன் வழக்கு, அவ்வளவுதான். சொத்துப் பறிமுதல் தண்டனையையும் ஒழிக்கப் பார்த்தார், நெப்போலியன் விடவில்லை. கை பழையதுதான், ஆயுதத்தையாவது சிறிதாக்குவோம் என்று நினைத்தார்.

என்னைக் கேட்டால், தவறு ஏப்ரலில் இல்லை. மார்ச் 19-ல்தான். அப்போது, நெப்போலியனைப் பிடிக்காத பாரிஸ் சீமாட்டி மதாம் ரெகாமியே மீது பித்தாக இருந்தார். அந்த வேகத்தில் தன் கொள்கையை மறந்து ஆளைப் பார்த்து எழுதிவிட்டார், தரக்கூடாத வாக்கையும் தந்துவிட்டார்.

எதிர்வாதம் எழுதியது:

இரவுவாசகி சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் பதினைந்து வருடம் நாட்டையே தன் பிடியில் வைத்திருந்தவர் ஒரு காகிதத்துக்குக் கட்டுப்படுவார் என்று ஓர் அறிவாளி நம்பலாமா? ஜூனில் வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதால்தான் அந்தச் சட்டம் சோதனைக்கே வரவில்லை.

இன்னொன்று. இவருடைய சுதந்திரத்தில் எல்லோருக்கும் இடம் இருந்ததா? சொத்து உள்ளவருக்கே வாக்கு, ஏனென்றால் சிந்திக்க ஓய்வு வேண்டும், அந்த ஓய்வைத் தருவது சொத்து என்கிறார். தானோ புரட்சி அரசு பறிமுதல் செய்து விற்ற எரிவோ மடத்தை 1796-ல் வாங்கிப் போட்டவர். உழைக்கிறவன் வேலை முடித்து எப்போது சிந்திப்பது? அவனுக்கு என்ன பதில்?

இரவுவாசகி எழுதியது:

சொத்து விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. அது அவருடைய பெரிய குறை, நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

காகிதத்தை நம்பியதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1819 உரையைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பழங்காலக் கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் தெர்பாண்டர் என்ற இசைஞர் தன் யாழில் ஒரு நரம்பு கூட்டினால் அதிகாரிகள் சீறுவார்கள். நமக்கு வேண்டியது நம் வீடு, தொழில், நம்பிக்கை இவற்றில் யாரும் கைவைக்காத வாழ்வு என்று சொல்கிற பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசிப் பகுதியில் அப்படியே திரும்புகிறார். சொந்த வாழ்வின் சுகத்தில் மூழ்கி, ஆட்சியில் நமக்குள்ள பங்கை நாமே எளிதாக விட்டுக்கொடுத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் என்கிறார். ஆள்பவர்கள் நியாயமாக இருந்தால் போதும், மகிழ்ச்சியாக இருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் கேட்பதும் அங்கேதான். சட்டம் எழுதினால் போதாது, காவல் காக்கவும் வேண்டும் என்று 1815 கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அதன்படியே நடந்தும் காட்டினார். அதே 1819-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். முந்தைய வருடம் விழுந்து கால் கெட்டு, ஊன்றுகோலோடுதான் நடமாட்டம். அந்த நிலையில் 1830 டிசம்பரில் சாகும்வரை மேடை ஏறிப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பேசினார். அடிமை வணிகத்துக்குச் சட்டத்தில் தடை இருந்தும் பிரெஞ்சுக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அதையும் அவையில் விடாமல் எழுப்பினார்.

குறிப்பேடு எழுதியது:

நன்றி அக்கா, நன்றி ஐயா. மார்ச்தான் தவறு என்ற கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. அவருடைய நாவலையும் படிக்கலாமா? பாடத்துக்கு உதவுமா?

இரவுவாசகி எழுதியது:

கண்டிப்பாகப் படி. 'அடோல்ஃப்', 1816-ல் வெளிவந்தது. சின்ன நாவல், ஒரே நாளில் முடித்துவிடலாம். ஓர் இளைஞன் தன்னைவிடப் பத்து வயது மூத்த எலனோரை விரட்டி விரட்டிக் காதலிக்கிறான். அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த பிறகு எப்படி விலகுவது என்று தவிக்கிறான். சொல்லவும் தைரியம் இல்லை. கடைசியில் அவள் இறந்துபோகிறாள். அவன் ஏங்கிய சுதந்திரம் கிடைத்துவிட்டது, இப்போது அதுவே பாரமாக அழுத்துகிறது. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க யாரும் இல்லை. நான் சுதந்திரமாகத்தான் இருந்தேன், இனி என்னை நேசிப்பவர் இல்லை, எல்லோருக்கும் அந்நியன் ஆனேன் என்கிறான். அந்தப் பக்கத்தையும் 1819 உரையின் கடைசிப் பகுதியையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் படித்துவிட்டு வந்து எழுது, தம்பி. அப்புறம் பேசுவோம்.