முன்னாள் படைவீரர் சங்கத்துல ஆள் சேர்றதும் நிக்கறதும்: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

கோபிசெட்டிபாளையம், ஹவில்தார் (ஓய்வு)
நவம்பர் வாழ்நாள் சான்று முகாம்ல பார்த்தது. நம்பியூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, குடும்ப ஓய்வூதியம் வாங்கறவங்க. களை எடுத்தே ரேகை தேஞ்சு போச்சு, விரல் வெச்ச இடத்துல எல்லாம் நிராகரிப்பு. முகத்தைக் காட்டியே பதியலாம்னு அதுவரைக்கும் யாரும் சொல்லலீங்க. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் ரெண்டு ஆப்பும் ஒரே போன்ல இருக்கோணும். வெளிச்சம் முகத்துல விழற மாதிரி திண்ணையில உக்கார வெச்சு, கண்ணை மூடித் திறக்கச் சொன்னாங்க, முடிஞ்சுது. "நான் உசுரோட இருக்கறேன்னு ஒத்துக்கிட்டாங்களா சாமி?"ன்னு அந்தம்மா கேட்டது இன்னும் காதுலயே இருக்குது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவங்க ஊர்ல இருந்து மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. சந்தா யாரும் கேக்கலை, அவங்களே ரசீது போடச் சொன்னாங்க.

பல்லடம், நாயக் (ஓய்வு)
கோபிக்கார அண்ணா முக்கியமானதை விட்டுட்டீங்க. ஓய்வூதியம் வழங்கறவர்ங்கற இடத்துல, படைவீரர் பென்ஷனைக் கவனிக்கற ஆன்லைன் முறையான ஸ்பர்ஷைத்தான் தேர்ந்தெடுக்கோணும். பழைய பழக்கத்துல பேங்க் பேரைப் போட்டா சான்று நம்பர் வந்துரும், ஆனா ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, பணம் நின்னுரும். பதிஞ்ச கொஞ்ச நாள்ல ஸ்பர்ஷ் பக்கத்துல அடுத்த அடையாளத் தேதி, அதாவது அடுத்து சான்று குடுக்க வேண்டிய நாள், மாறியிருக்குதான்னு பார்த்துருங்க.

முகாம் வெச்சாலே ஆள் சேரும்ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு கூட்டத்துக்கு 1971 சண்டையில இருந்த பெரியவர் ஒருத்தர் வந்தாரு. 15 வருசம் முடியறதுக்குள்ள வெளிய வந்ததால பென்ஷன் கிடையாது. "பென்ஷன் இல்லாதவருக்கு இங்க என்னங்க வேலை?"ன்னு முன்வரிசையில ஒருத்தர் கேட்டுட்டாரு. பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு, அவரோட வந்த ரெண்டு பேரும் பின்னாலயே போயிட்டாங்க. அவருக்குத்தான் சங்கம் மொதல்ல வேணும். பென்ஷன் இல்லாத, 65 வயசு தாண்டின, ஹவில்தார் வரைக்கும் உள்ளவங்களுக்கு மத்திய அரசோட படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டுல மாதாந்தர உதவி இருக்குது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா மனுப் போடோணும். படையில இருந்து வெளிய வர்றப்பக் குடுத்த டிஸ்சார்ஜ் புக் முக்கியம்.

சூலூர், வாரண்ட் ஆபீசர் (ஓய்வு)
38 வயசுல வெளிய வந்த தம்பி ஒருத்தர் டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்) வேலைக்கு எப்படிப் பதியறதுன்னு கேக்க வந்திருந்தாரு. கூட்டத்துல சங்கத்தோட பழைய வரவு செலவுக் கணக்குச் சண்டை முடியவே இல்லை. கேக்காமயே வண்டியை எடுத்துட்டாரு.

அதனால சொல்றேன். புது ஆளோட கேள்வியை முதல் பத்து நிமிசத்துல எடுங்க. கணக்கைக் கடைசியில, எழுதி வெச்சுப் படிங்க. வங்கிக் கணக்குல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். நாற்காலியை வட்டமாப் போடுங்க, ரேங்க் வரிசை வேண்டாம். தாலுகாவுக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்து, ரெண்டு கூட்டம் வராதவங்களுக்குப் போன் போடோணும். அந்தப் போன்ல சந்தாப் பேச்சே எடுக்கக் கூடாது, உடம்பு எப்படி, மருந்து தீராம இருக்குதான்னு மட்டும் கேக்கோணும். வீரரோட மனைவி ஒருத்தராவது நிர்வாகத்துல இருந்தாத்தான் மத்த அம்மணிங்க வாய் தெறந்து பேசுவாங்க. இன்னும் பதியாத சங்கம்னா 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தாப் போதும். டிசம்பர் 7 கொடி நாள், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் ரெண்டுலயும் மேடையை வயசானவங்களுக்குக் குடுங்க. ராணுவத்தோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953ல ஓய்வு பெற்ற நாள்தான் அந்த ஜனவரி 14. அதைச் சொன்னா புதுசா வந்த பசங்களும் நின்னு கேப்பாங்க.

தாராபுரம், சுபேதார் (ஓய்வு)
சூலூர்க்காரர் சொன்ன வட்டம், போன் எல்லாம் சரிதானுங்க. ஆனா காகிதத்தை யாருமே பேசலை. ஒரு அம்மா பேரு பென்ஷன் ஆணையில 'சரசு', ஆதார்ல 'சரஸ்வதி'. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பொறவுதான் அந்தம்மாவுக்கே தெரிஞ்சுது. ரெண்டு காகிதத்தையும் மடியில வெச்சுட்டு, "இதுல எது நானுங்க?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் இருக்கறப்பவே அவரோட படைப்பிரிவு ஆவணங்களை வெச்சிருக்கற ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, பதிவைத் திருத்தற பார்ட் டூ ஆர்டர் போட்டுட்டா இந்த அலைச்சல் இல்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸுக்கு பெங்களூரு. இனிசியல், பிறந்த தேதி, பிள்ளைங்க பேரு எல்லாத்துலயும் இதே கோளாறு வருது. அடுத்த கூட்டத்துக்கு வர்றவங்க டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ரெண்டு பேரோட ஆதார் எல்லாத்தையும் கொண்டாங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தாப் படிச்சுப் பார்த்துரலாம்.