புதுப்பிப்பு: அப்பாவின் .315 ரைஃபிளுக்கு எந்தக் குழல்?

கீழக்கரை உப்புக்காற்றில் அப்பாவின் .315 தோட்டா ரக, தாழைக் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் குழல் அரித்துவிட்டது, மாற்றுக்குழல் ஸ்டெயின்லெஸ் எஃகா, குரோம்-மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகா என்று கேட்டிருந்தேன். உரிமம் என் பெயரில் இருக்கிறது. முடிவு: குரோம்-மாலி.

கடலோரத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான் என்று பலர் எழுதினீர்கள். ஆனால் ரைஃபிள் குழலுக்குப் பெரும்பாலும் எடுக்கும் 416 ரகம் வேறு, அடுக்களைப் பாத்திரத்தின் 304 வேறு. கடைவது எளிதாகட்டும் என்று 416இல் கந்தகம் சேர்க்கிறார்கள். உப்பு பட்டால் அதிலும் குழி விழும். எண்ணெய்த் துணி இரண்டுக்குமே வேண்டும் என்றான பிறகு கூடுதல் விலை எதற்கு?

உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பழைய குழலுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வாய்ப்பக்கம், குண்டைச் சுழலவைக்கும் உட்புரிகளின் ஓரம் மழுங்கியிருந்தது. பள்ளங்களில் கரும்புள்ளிகள் அடர்ந்து, தூரிகை போட்டும் அசையவில்லை.

ராமேசுவரத்தில் படகு எஞ்சின் தண்டு கடைகிற பட்டறையில் கொடுக்கலாமே என்ற அண்ணனுக்கு: வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். மேலும், இந்தத் தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. குழல் மாற்றும்போது அந்த விளிம்பு உட்காரும் இடைவெளியை அளவுமானி வைத்துப் பார்க்கவேண்டும். அது மிகுந்தால் தோட்டாக்கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்கு வரும்.

வேட்டைக்கா என்று கேட்டவருக்கு: 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும்போது அந்தப் பேச்சே இல்லை. இலக்குச் சுடுதலுக்கு மட்டும்.

கனத்த குழல் வாங்கவில்லை. அது உட்கார, அப்பா ரைஃபிளின் மரக்கட்டையைக் குடைய மனமில்லை. குழலும் சட்டப்படி ஆயுதப் பாகம் என்பதால், புதியதைப் பொருத்தும் அன்றே பழையதை அந்தப் பழுதுபார்ப்பவரிடமே ரசீதோடு ஒப்படைக்கப் போகிறேன்.