கொலுசுப் பட்டறை குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

பிரபு: [போட்டோ] அப்பாவோட பிரஷர். 162/98. கவி அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?

பெரியப்பா: ஏன்டா ஊரைக் கூட்டற. தலைவலி இல்ல, மயக்கம் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.

அத்தை: வயசோட நூறைக் கூட்டிக்கணுமாம், அதான் சரியான பிரஷராம். இன்னொரு குரூப்ல வந்துச்சு. அண்ணனுக்கு 61, அப்போ சரியாத்தானே வருது?

கவிதா (நர்ஸ்): அத்தை, அந்தக் கணக்கையெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. ஆஸ்பத்திரியில பார்த்து 140/90க்கு மேலயே நின்னா பிரஷர்தான், 61 ஆனாலும் சரி 31 ஆனாலும் சரி. வீட்டு மிஷின்ல 135/85. தலைவலி வந்தாத்தான் பிரஷர்னு இல்லீங்க பெரியப்பா, முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது.
பிரபு, பார்க்கறப்போ அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?

பிரபு: பட்டறையிலருந்து படியிறங்கி வந்து காபி குடிச்சாரு. செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகிட்ட போன்ல வெள்ளி விலை பேசிட்டிருந்தாரு. அப்படியே சட்டை மேலயே பட்டையைச் சுத்திட்டேன்.

மலை மாமா: மச்சான், வெள்ளி விலை பேசினா எனக்கே 200 வரும் 😂

கவிதா (நர்ஸ்): சரியாப் போச்சு. இன்னொரு தரம் பாரு. காபி குடிச்சு அரை மணி நேரமாவது ஆகட்டும். பாத்ரூம் போயிட்டு வந்து, நாற்காலியில முதுகு சாய்ச்சு, கால் ரெண்டும் தரையில படற மாதிரி அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லு. கால் மேல கால் வேண்டாம். சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டாதே, கழட்டிடு. கையை டேபிள் மேல வெச்சு, பட்டை நெஞ்சு உயரத்துல இருக்கணும். பேசவே கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தரம்.
மேல்கை சுத்தளவையும் அளந்து சொல்லு. கை பெருசா இருந்து பட்டை சின்னதா இருந்தா கூட்டித்தான் காட்டும்.

பெரியம்மா: பேசாம அஞ்சு நிமிஷமா? இவரா?

பிரபு: 150/94. அடுத்தது 148/92. கை 35 செ.மீ. பட்டையில 22-32னு போட்டிருக்கு.

கவிதா (நர்ஸ்): பார்த்தியா, பட்டை பத்தல. பெருசு வாங்கு. ஆனா பெரியப்பா, அதை வெச்சுத் தப்பிச்சுக்க முடியாது. பெருசு வந்ததும் ஒரு வாரம் காலையும் சாயந்திரமும் ரெண்டு ரெண்டு தரம் பார்த்து நோட்டுல எழுதி, டாக்டர்கிட்ட காட்டணும். 180/120க்கு மேல போய், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ வந்தா நோட்டெல்லாம் வேண்டாம், நேரா 108.

பெரியம்மா: மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு புள்ள வீட்டுக்கே வந்து பார்க்குது கவி. 2021ல ஆரம்பிச்ச திட்டம்தானே. என் சுகர் மாத்திரை அதுலதான் வருது. அவ தலையைக் கண்டாலே இவரு மாடிக்கு ஓடிடுவாரு.

பெரியப்பா: வேலை இருந்துச்சு.

கவிதா (நர்ஸ்): எடை எவ்வளவுங்க பெரியப்பா?

பெரியப்பா: 75 இருக்கும்.

பிரபு: இப்பத்தான் ஏத்தினேன். 82. உயரம் 165.

கவிதா (நர்ஸ்): பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கற கணக்கு, 30 வருது. நமக்கு 23க்கு மேல போனாலே அதிகம், 25 தாண்டினா உடல் பருமன். இடுப்பு?

பெரியம்மா: ஜாக்கெட் அளக்கற டேப்ல பார்த்தேன், 41 இஞ்ச். அதுவும் வயித்தை எக்கிட்டு நின்னாரு.

கவிதா (நர்ஸ்): வேட்டி கட்டற இடத்துல அளக்காதீங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு அளக்கணும். ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ., சுமார் முப்பத்தஞ்சரை இஞ்ச்சுக்குள்ள இருக்கணும். பொம்பளைங்களுக்கு 80.

பெரியப்பா: தட்டுவடை செட்டை விடச் சொல்லிடாதே தாயி.

கவிதா (நர்ஸ்): வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடுங்க, தினமும் சாயந்திரம் வேண்டாம். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். ஊறுகா, அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குல வந்துடும்.

அத்தை: பிரபு, மிஷின் என்ன விலை? ஏற்காட்டுக்கும் ஒண்ணு வேணும். உங்க மாமா பார்த்தே ரெண்டு வருஷமாச்சு.

மலை மாமா: என்னை எதுக்கு இழுக்கற?

பிரபு: பெரிய பட்டையோட கேட்டு வாங்குங்க அத்தை. மாமா கைக்கும் சின்னது பத்தாது.